சேர்வராயன் அடிவாரம் – 9: முதலாளி போட்ட பட்டியல்

ஏற்காடு போய் வந்தவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். மலை ஏறுவதற்கு முன்பே, ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. இந்த வாரம் அங்கே இறங்கிக்கொள்வோம்.

திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்துத் திரும்பியவர், 1930களின் நடுவில் இங்கே ஸ்டுடியோ கட்டினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். மாதச் சம்பளத்துக்கு ஆட்கள். 1937இல் வந்த ‘சதி அகல்யா’ தொடங்கி, 1963இல் அவர் காலமாகும் வரை, எந்தக் கதை, யார் கையில் என்பதெல்லாம் முதலாளியின் முடிவு.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய ஓபரா அரங்குகளின் வரலாற்றை இயக்குநரின் பெயரால் பிரித்துச் சொல்வார்கள். வியன்னாவில் 1897 முதல் 1907 வரை மாலரின் காலம். நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் 1950 முதல் 1972 வரை ருடால்ஃப் பிங்கின் காலம். அந்தந்தப் பருவத்தில் எந்தப் படைப்பு மேடையேறும் என்று பட்டியல் போடுவதே அவர்களுடைய பெரிய வேலை. தமிழில் அந்த வேலையைச் செய்தவர் என்று நான் சுந்தரத்தைத்தான் சொல்வேன்.

பிங் பொறுப்பேற்ற அதே 1950இல் சேலத்திலிருந்து வெளிவந்த மூன்று படங்களைப் பாருங்கள். ‘பொன்முடி’, பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’. ‘திகம்பர சாமியார்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல். அதில் நாயகன் எம்.என். நம்பியார், வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் குற்றவாளிகளைப் பிடிக்கிறார். மூன்றாவது ‘மந்திரிகுமாரி’. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே மிச்சம். கொல்ல அழைத்துப்போன கணவனை, வலம் வருவதுபோல் வந்து மலை உச்சியிலிருந்து தள்ளிவிடும் பெண்ணின் கதை அது. அதை மு. கருணாநிதி வசனமாக்க, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காப்பியம் போய்ச் சேர்ந்தது. புலவர் மாணவர்கள் மட்டுமே அறிந்திருந்த ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய வாழ்வு கிடைத்திருக்க முடியுமா?

‘பொன்முடி’யையும் ‘மந்திரிகுமாரி’யையும் இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். ‘மந்திரிகுமாரி’ முடிவதற்குள் அவர் ஊர் திரும்ப, மீதியைச் சுந்தரமே எடுத்து முடித்தார். இரண்டுக்கும் இசை ஜி. ராமநாதன், நாயகி மாதுரி தேவி. ஆட்களை அடிக்கடி மாற்றாமல், கதையை மட்டும் எங்கெங்கிருந்தோ கொண்டுவரும் இந்த முறைதான் அவருடைய பலம் என்பது என் எண்ணம்.

இது திடீரென்று வந்ததும் அல்ல. 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தம புத்திரன்’, அலெக்சாண்டர் தூமாவின் கதையிலிருந்து வந்தது. 1942இல் மனோன்மணீயம் நாடகம் ‘மனோன்மணி’ ஆனது. போர்க்காலத்தில் 1945இல் ‘பர்மா ராணி’. ஜப்பானியத் தளபதியாக நடித்தவர் சுந்தரமேதான். மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ 1938இல் இந்த நிறுவனத்தின் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல். மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ 1961இல். இவை எல்லாம் சென்னையிலிருந்து இருநூறு மைல் தள்ளி, மலையடிவாரத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். கோடம்பாக்கத்தில் எது ஓடுகிறது என்று தினமும் காதில் விழாத தூரம் அவருக்கு உதவியிருக்க வேண்டும்.

அவருக்குப் பின் மகன் ராமசுந்தரத்தின் காலத்தில் ஜெய்சங்கர் வந்தார். ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’. விறுவிறுப்புக்குக் குறைவில்லை, எனக்குப் பிடித்த படங்களும் அதில் உண்டு. ஆனால் வரிசையாக வந்த அந்தத் துப்பறியும் கதைகளுக்கு நடுவில் 1950இன் அகலத்தை நான் காணவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம்தான்.

(தொடரும்)