சக்கரம் வருவதற்கு முன்

“சார், திரும்பவும் அதே எரர்தான் வருது.”

2012 வாக்கில், காரைக்கால் பாரதியார் சாலைப் பக்கம் மாலை வகுப்பில் பைதான் சொல்லிக்கொடுத்த நாட்களில் இதைக் கேட்காத வாரம் கிடையாது. கம்பைலரைத் தயார்செய்யும் விசிவார்ஸ்ஆல்.பேட் என்ற கோப்பைக் காணவில்லை என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். நம்பை, சைபை போன்ற பைதான் நூலகங்களின் வேகமெல்லாம் உள்ளே இருக்கும் சி, ஃபோர்ட்ரான் நிரல்களால் வருவது. நிறுவும் கருவியான பிப் வழியே போனால், அவற்றை அன்று நம் கணினியிலேயே கம்பைல் செய்தாக வேண்டும். ஏதோ ஒரு கம்பைலர் போதாது, பைதான் 2.7ஐ உருவாக்கிய அதே விஷுவல் ஸ்டுடியோ 2008 வேண்டும். டேட்டா கார்டை நம்பியிருந்த பிள்ளைகள் அதை எங்கே போய் இறக்குவார்கள்?

எங்களைக் காப்பாற்றியவர் கலிபோர்னியாவில் இருந்தார். இர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோல்கே, நூற்றுக்கணக்கான நூலகங்களைத் தாமே விண்டோஸுக்குக் கம்பைல் செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்திருந்தார். பிரவுசிங் சென்டரில் இறக்கிய அந்தக் கோப்புகள் பென் டிரைவில் திருநள்ளாறு வரை, திருமலைராயன்பட்டினம் வரை போயின. அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டவன்.

இன்று ‘பிப் இன்ஸ்டால்’ என்று அடித்தால் சில நொடிகளில் முடிகிறது. ‘வீல்’ எனப்படும், முன்பே கம்பைல் செய்த பொதி வந்து இறங்குகிறது. எந்தப் பைதான் பதிப்பு, எந்த இயங்குதளம் என்பது அதன் பெயரிலேயே இருக்கும். சைபை 2017இல், 1.0 பதிப்பில்தான் விண்டோஸுக்கு அதிகாரபூர்வமாக வீல் தந்தது.

பெரிய வெட்டு 2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12. 2000இலிருந்து மொழியோடு கூடவே வந்த, நூலகங்களைக் கட்டும் கருவியான டிஸ்ட்யூட்டில்ஸை அதில் நீக்கிவிட்டார்கள். பழைய பிராஜெக்டுகள் பல அன்றே படுத்துவிட்டன. நம்பை தன் கட்டுமானத்தை மீசான் என்ற வேறொரு கருவிக்கு மாற்றிக்கொண்டது. நீக்கியது சரி என்பேன். பழைய முறையில் செட்டப்.பை என்பதே ஒரு நிரல். ஒரு நூலகத்தைக் கட்ட என்னென்ன வேண்டும் என்று அறியவே அதை ஓட்ட வேண்டும், ஓட்டுவதற்கோ அவற்றில் சில முன்பே இருக்க வேண்டும். பைபிராஜெக்ட்.டாமில் கோப்பு அந்தத் தேவைகளை முதலிலேயே எழுதிவைத்து முடிச்சை அவிழ்த்தது.

2024இல் வந்த 3.13இல், ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே ஓடவிடும் பைதானின் பூட்டு இல்லாமல் பல இழைகளை ஒருசேர ஓட்டும் சோதனைப் பதிப்பும் உண்டு. அதற்கு சி நீட்சிகளைத் தனியாகக் கட்ட வேண்டும், வீலின் பெயரிலும் ஒரு ‘டி’ கூடும். கம்பைல் வேலை ஒழியவில்லை. நம் மேசையிலிருந்து நூலகத்தை எழுதுகிறவர்களின் மேசைக்குப் போயிருக்கிறது.

அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தி, “நம்பைக்குள்ள சி இருக்கா சார்?” என்று வியந்தாள். பழைய அவதி அவளுக்கு வேண்டாம், ஆனால் உள்ளே இருப்பது தெரியாமலே போய்விடக் கூடாது. இரண்டு எண்களைக் கூட்டும் பத்து வரி சி நிரலை அவளையே எழுதவைத்தேன், கம்பைல் செய்யவைத்தேன், பைதானிலிருந்து அழைக்கச் சொன்னேன். முதல் தடவை எரர் வந்தது. இரண்டாம் தடவை திரையில் 12 வந்தது.