கடைசிப் பாடம் காத்திருக்கலாமா?

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக நம் வாலாஜாபாத்துக்கு வரும் நெடுஞ்சாலையில், தொழிற்சாலைப் பேருந்துகள் அணிவகுத்துச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். பள்ளிப் படிப்பு முடித்து அவற்றில் ஏறவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படும் கணக்கு எது?

2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ எட்டாவதாக, இறுதிப் பாடமாக அமைந்துள்ளது. இறுதியில் நிற்பது அவசரத்தில் முடிக்கப்படுமாயின், சூத்திரம் மனப்பாடமாகும், பொருள் விளங்காது.

இரு இயந்திரங்கள் மும்மூன்று திருகாணிகள் செய்கின்றன எனக் கொள்வோம். முதலாவதன் அளவுகள் 9.9, 10, 10.1 மில்லிமீட்டர், மற்றதன் அளவுகள் 9, 10, 11. இரண்டின் சராசரியும் பத்தே. ஆயினும் இரண்டாவதன் திருகாணிகள் எல்லாம் ஒரே துளைக்குப் பொருந்தா. இச்சிதறலை அளப்பதே திட்டவிலக்கம். 1924இல் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் ஷூவார்ட் வகுத்த தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தின் அடிப்படையும் இதுவே.

நிகழ்தகவோ இல்லத்தையே காப்பது. 1654இல் கத்தோலிக்க அறிஞர் பிளேஸ் பாஸ்கல், பெர்மா என்பாருடன் எழுதிக்கொண்ட மடல்களில், இடையில் நின்றுபோன சூதாட்டத்தின் பணயத்தைப் பங்கிடும் முறையை ஆராய்ந்தார். அதிலிருந்து இத்துறை வளர்ந்தது. அவரது 400ஆம் பிறந்தநாளான 2023 ஜூன் 19 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் போற்றித் திருத்தூது மடல் வெளியிட்டார்.

தமிழகத்தில் லாட்டரி 2003இல் தடைசெய்யப்பட்டது. பின்னர்ச் சூது கைப்பேசி வழியே இல்லம் புகுந்தது. பத்து ரூபாய்ச் சீட்டு ஒரு லட்சம் விற்று, ஐந்து லட்சம் ரூபாய் பரிசளித்தால், ஒரு சீட்டின் சராசரி மதிப்பு ஐந்து ரூபாயே. இதைப் பதினைந்து வயதில் தானே கணக்கிட்டறிந்தவன், உழைத்த கூலியைச் சூதில் வைக்கத் தயங்குவான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தை ஜூன் மாதமே தொடங்கி, வாரம் ஒரு வகுப்பு ஒதுக்குவது நலம். முதலில் மாணவர்கள் சாலையில் செல்லும் பேருந்துகளை எண்ணிப் பதியட்டும். ஒன்பதாம் வகுப்பில் கற்ற சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவற்றை அவ்வெண்களில் காணட்டும். அடுத்துத் திட்டவிலக்கம், அதன்பின் நாணயமும் பகடையும். ஒவ்வொன்றிலும் பொருள் விளங்கிய பின்னரே சூத்திரம் வரட்டும்.

பெற்றோரே, நீங்களும் ஒரு மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து நாணயத்தை நூறுமுறை சுண்டிப் பதியுங்கள். ஐந்துமுறை தொடர்ந்து தலை விழுந்தாலும், ஆறாம் முறை பூ விழும் வாய்ப்புப் பாதியே என்பதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள்.

தலையாய நற்பண்புகளுள் முதலாவது விவேகம் என்கிறது நம் மறைக்கல்வி. உறுதியற்றதை உறுதியென நம்பாது அளந்தறிவதும் விவேகமே.