நான்கு எழுத்துகள், ஏழு ஓசைகள்

பிள்ளைக்கு இரவு முழுவதும் இருமல். தாய் மருந்துப் போத்தலை எடுத்து, அதிலுள்ள பெயரை எழுத்துக்கூட்டி "கௌக்" என்று வாசிக்கிறார். பக்கத்தில் நின்ற மூத்தவள் சிரிக்கிறாள். "அம்மா, அது கொஃப். இருமல் எண்டு அர்த்தம்." தாயும் சேர்ந்து சிரித்துவிடுகிறார். ஆனால் மறுநாள் வைத்தியரிடம் போனபோது அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இருமிக் காட்டினார்.

ஊரில் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர் தாய். இங்கே பிள்ளை அவரைத் திருத்துகிறது. இதனால் வாய் திறக்கவே தயங்கும் பெற்றோர் எம்மிடையே பலர். ஆனால் இந்தச் சொல்லில் பிழை அந்தத் தாயினுடையது அல்ல. ஓ, யூ, ஜீ, எச் என்ற நான்கு எழுத்துகளும் சேர்ந்து வரும் இடத்தில், எழுத்தை மட்டும் பார்த்து ஓசையை எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

தமிழிலும் ஓர் எழுத்துக்குப் பல ஓசை உண்டு. கடல், பகல், சங்கு என்ற மூன்றிலும் ககரம் வேறு வேறாகவே ஒலிக்கிறது. ஆனால் அது சொல்லில் நிற்கும் இடமே ஓசையைக் காட்டிவிடும். இந்த நான்கு எழுத்துகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

காரணம் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இச்சொற்களில் தொண்டையிலிருந்து காறுவது போன்ற ஓர் ஓசை இருந்தது. 1066ஆம் ஆண்டு நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் காலப்போக்கில் அந்த ஓசையை ஜீ, எச் என்று எழுதத் தொடங்கினர். 1476இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. பேச்சோ மாறிக்கொண்டே போயிற்று. சில சொற்களில் அந்தக் காறல் ஓசை மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆக மாறியது. எழுத்து மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

ஜேர்மனியிலும் சுவிசிலும் இருக்கும் எம் உறவுகளுக்கு அந்தப் பழைய ஓசை புதிதல்ல. ஆங்கிலத்தில் 'நைட்' என்னும் இரவு ஜேர்மன் மொழியில் 'நாஹ்ட்'. 'டோட்டர்' என்னும் மகள் அங்கே 'டொஹ்டர்'. ஆங்கிலம் வாயிலே விட்டதை ஜேர்மன் மொழி இன்னும் வைத்திருக்கிறது.

எழுத்துக்கூட்டுவதை விட்டு, இச்சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் காதால் பழகுவதே இலகு.

'ஃப்' என்று முடிபவை: இனஃப் (போதும்), டஃப் (கடினம்), ரஃப் (கரடுமுரடு). கொஃப் இவற்றோடு சேர்ந்தது; ஆனால் முன்னால் அகரம் அல்ல, ஒகரம்.

'ஓ' என்று முடிபவை: தோ, ஆல்தோ (என்றாலும்), டோ (பிசைந்த மா).

கடைசியில் 'ட்' வருபவை: தோட் (எண்ணம்), போட் (வாங்கினேன்), ப்ரோட் (கொண்டு வந்தேன்). இவற்றின் ஓகாரத்துக்கு வாயை ஆகாரத்துக்குப் போல் சற்று அகலத் திறக்க வேண்டும்.

தனித்து நிற்பவை: த்ரூ (ஊடாக), ப்ளவ் (கலப்பை), தரா (முழுமையான).

இவற்றுள் மூன்று சொற்களில் கூடிய கவனம் வேண்டும்.

முதலாவது 'ஆல்தோ'. அலுவலகக் கடிதத்தில் இச்சொல்லைக் கண்டால் அந்த வசனத்தை முடியும் வரை வாசியுங்கள். 'உங்கள் விண்ணப்பம் உரிய நாளில் கிடைத்தது என்றாலும்' என்று நல்லபடி தொடங்கி, மறுபாதியில் 'ஓர் ஆவணம் குறைகிறது' என்று இருக்கலாம். நாம் செய்ய வேண்டியது அந்த மறுபாதியில்தான் இருக்கும்.

இரண்டாவது 'போட்', 'ப்ரோட்'. இடையில் ஓர் 'ஆர்' எழுத்து மட்டுமே வேறுபாடு. ஊரிலிருந்து கொண்டுவந்த நகையைப் பற்றி அதிகாரி கேட்கும்போது 'போட்' என்று சொன்னால், விலைக்கு வாங்கியதாகவே பதிவாகும்.

மூன்றாவது 'த்ரூ'. கனடாவிலும் அமெரிக்காவிலும் 'திங்கள் த்ரூ வெள்ளி' என்று எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமையும் அதில் அடங்கும். அங்குள்ள உணவுக்கடைப் பலகைகளில் இச்சொல்லைச் சுருக்கி ரி, எச், ஆர், யூ என்று எழுதியிருப்பார்கள். அதுவும் இதே சொல்தான்.

ஊர்ப் பெயர்களும் தப்பவில்லை. லண்டனுக்கு மேற்கே உள்ள நகரம் 'ஸ்லவ்'. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள 'லஃப்பரா' என்ற நகரின் பெயரில் அதே நான்கு எழுத்துகள் இரு முறை வருகின்றன. இரண்டு இடத்திலும் வேறு வேறு ஓசை. எம்மவர் நிறைந்து வாழும் ரொறன்ரோவின் ஸ்காபரோவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 1793இல் ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத், அங்கிருந்த ஏரிக்கரை மேடுகள் இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைவூட்டியதால் அப்பெயரை இட்டார். இங்கிலாந்தில் அதைப் 'பரா' என்று முடிப்பார்கள். கனடாவில் 'பரோ'. ஆங்கிலம் பேசுவோரே இரண்டு விதமாகச் சொல்லும் பெயரை நாம் ஒருமுறை மாற்றிச் சொன்னால் குடி முழுகிப் போகாது.

ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் போதும். சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நீங்களும் கூடவே சொல்லுங்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுங்கள். அப்போது வீட்டில் இருவரும் மாணவர், இருவரும் ஆசிரியர்.

அடுத்த முறை வைத்தியர் "என்ன வருத்தம்?" என்று கேட்டால், இருமிக் காட்ட வேண்டாம். "கொஃப்" என்று சொல்லுங்கள்.