பிழை திருத்துவோர் இல்லாத அச்சுக்கூடம்

நெய்யூர் வைத்தியசாலையை அறியாதார் நாஞ்சில் நாட்டில் இலர். கி. பி. 1838-ல் டாக்டர் ராம்சே என்பாரால் தொடங்கப்பெற்ற அம்மருத்துவப் பணி, 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டுச் சிகரத்தின்மேல் ஏற முயன்ற வீரருள் ஒருவராகிய டாக்டர் சோமர்வெல் காலத்திற் பெரும்புகழ் எய்தியது. அவர் அங்கு மிகுதியாகக் கண்ட நோய்களுள் ஒன்று சிறுகுடலின் தலைப்பாகத்தில் உண்டாகும் புண். டாக்டர் ஆர் என்பவருடன் சேர்ந்து அதனைக் குறித்து 1936-ல் ஆங்கில இரண வைத்தியப் பத்திரிகையொன்றிற் கட்டுரையும் வெளியிட்டார். புண் இவ்வாறு மலிந்திருந்த சிறுகுடலிற் புற்றுநோய் தோன்றுவதோ மிக அரிது. உலகமெங்கும் இதுவே நிலைமை. உணவு செல்லும் பாதையின் நீளத்தில் ஏறக்குறைய முக்காற் பங்கு சிறுகுடலாயினும், அப்பாதையில் தோன்றும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து கூட அங்கே தோன்றுவதில்லை. இங்ஙனம் அரிதாகிய நோய், சில குடும்பங்களை மட்டும் நாடி வருவதேன்? அதற்குரிய காரணங்களுள் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

நம் சரீரம் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் டி. என். ஏ. என்னும் நுண்ணிய இழை சுருண்டு கிடக்கின்றது. அதனை ஒரு நூலெனக் கொள்ளலாம். அந்நூலுக்கு எழுத்துக்கள் நான்கே. ஆயினும் தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக நாம் பெறும் இரு பிரதிகளில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்துக்கள் உள. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுந்தோறும் இந்நூல் முழுவதும் புதிதாகப் படியெடுக்கப்படல் வேண்டும். சிறுகுடலின் உட்புறத் தோலோ மூன்று முதல் ஐந்து நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. ஆதலின் அங்கே படியெடுக்கும் வேலைக்கு ஓய்வே இல்லை.

நாகர்கோவிலில் மீட் ஐயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, அச்சுக்கூடம் ஏற்பட்டமையை நாம் அறிவோம். எழுத்துக் கோப்பவர் எத்துணைக் கைதேர்ந்தவராயினும் பிழை நேர்தல் இயல்பு. அதனாலன்றோ பிழை திருத்துவோர் ஒருவர் மூலப்பிரதியையும் அச்சுப் படியையும் ஒப்புநோக்குகின்றார்! உயிரணுவிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எம். எஸ். எச். 2, எம். எஸ். எச். 6 என்னும் இரு புரதங்கள் புதிய இழையிற் பொருந்தாத எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. எம். எல். எச். 1, பி. எம். எஸ். 2 என்னும் வேறிரண்டு, பிழையுள்ள பகுதியை வெட்டி நீக்குதற்கு வழி செய்கின்றன. பின்னர் அவ்விடம் பழைய இழையைப் பார்த்துச் சரியாக நிரப்பப்படுகின்றது. இவ்வேற்பாட்டின் இரகசியத்தை விளக்கியமைக்காகப் பால் மாட்ரிச் என்னும் அறிஞர், உயிரணுவின் வேறு சீர்திருத்த முறைகளை ஆராய்ந்த லிண்டால், சன்சார் என்னும் இருவருடன், 2015-ல் இரசாயன நோபெல் பரிசு பெற்றார்.

இந்நால்வருள் ஒருவர் வேலைக்கு வாராவிடின் யாது நேரும்? பிழைகள் நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகும். ஒரே எழுத்து அடுத்தடுத்துப் பலமுறை வருமிடங்களில் எண்ணிக்கை தவறுதல் மிக எளிது; ஆதலின் அங்கேயே பிழைகள் திரளும். உயிரணுவின் வளர்ச்சியை அடக்கி நிறுத்தும் பகுதியில் அத்தகைய பிழை வீழ்ந்தால், அவ்வணு கட்டின்றிப் பெருகும். இதுவே புற்று. சிறுகுடற் புற்றுக்களுள் ஒரு பகுதியில் இக்குறைபாடே காணப்படுகின்றது. சிலருக்கு அது வாழ்நாளில் உண்டாவது. வேறு சிலருக்குப் பெற்றோரிடமிருந்து வருவது.

பின்னதை முதன்முதல் ஊகித்த வரலாறு உள்ளத்தை உருக்குவது. அமெரிக்காவில் மிச்சிகன் நாட்டிலிருந்த வார்தின் என்னும் மருத்துவப் பேராசிரியரிடம், 1895-ல், தையல் வேலை செய்து பிழைத்த பெண்ணொருத்தி, தன் சுற்றத்தார் பலர் புற்றுநோயால் மாண்டதைக் கூறித் தானும் அவ்வாறே இறக்கப்போவதாகச் சொன்னாள். அவள் சொல் மெய்யாயிற்று. வார்தின் அக்குடும்பத்தை ஆராய்ந்து 1913-ல் வெளியிட்டார். 1966-ல் லிஞ்சு என்னும் மருத்துவர் இத்தகைய வேறு குடும்பங்களை விவரித்தார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. குறையுள்ள ஜீன்கள் 1993 முதல் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. இக்குறையுடைய தாய் அல்லது தந்தையின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. அது பெரும்பாலும் பெருங்குடலையும் கருப்பையையும் தாக்கும். சிறுபான்மை சிறுகுடலையும் தாக்கும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டு மணலே இதற்குக் காரணமோ என நம்மவர் வினவக்கூடும். கதிர்வீச்சு டி. என். ஏ. இழையை முறிப்பது உண்மையே. அம்முறிவைச் செப்பனிடுவோர் வேறு. நாம் இங்குக் கூறியது படியெடுக்கும்போது நேரும் பிழை. அன்றியும், அத்தகைய மணலுடைய கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய எழுபதினாயிரம் மக்களைப் பல்லாண்டு கவனித்து 2009-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், அக்கதிர்வீச்சினாற் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை.

இவ்வறிவினால் விளையும் பயன் பெரிது. அறுத்தெடுத்த கட்டியின் ஒரு சிறு துண்டிலேயே அந்நான்கு புரதங்களும் உளவா என்று சாயமேற்றிப் பார்க்கலாம். பிழை மலிந்த அணுக்கள் விபரீதமான புரதங்களை உண்டாக்குதலின், சரீரத்தின் காவற்படை அவற்றை அந்நியரெனக் கண்டுகொள்ள இயலும். அப்படைக்கு இட்ட தளையை அவிழ்க்கும் பெம்பிரோலிசுமாப் என்னும் மருந்தை, எந்த உறுப்பிலாயினும் இக்குறையுடைய முற்றிய புற்றுக்கு வழங்கலாமென அமெரிக்க அரசாங்கம் 2017-ல் இசைவளித்தது. குறையைப் பெற்றும் நோயுறாத உறவினரோ, ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருங்குடலைக் குழாய் செலுத்திப் பரிசோதித்துக்கொள்வாராயின், அங்கே தோன்றும் நோயை முளையிலேயே களையலாம். நம் நாட்டிலும் அடையாறு புற்றுநோய் நிலையத்திற் பரம்பரைப் புற்றுநோய்க்கெனத் தனிச்சிகிச்சைப் பிரிவு ஏற்பட்டுள்ளது.

ஆயினும் இவையனைத்திற்கும் முற்பட வேண்டுவது ஒன்றுண்டு. அஃது உண்மையைச் சொல்லுதல். நம் வீடுகளில் ஒருவர் புற்றுநோயால் இறந்தால், "வயிற்றுவலியால் இறந்தார்" என்பதோடு நிறுத்திவிடுகின்றோம். பெண் கொடுப்பவரும் கொள்பவரும் அறிந்தால் சம்பந்தம் தடைப்படுமென அஞ்சுகின்றோம். ஒரே குடும்பத்தில் மூவர் மாண்டாற் சாபமென்றும் செய்வினையென்றும் முணுமுணுக்கின்றோம். இம்மௌனத்தால், காப்பாற்றப்படக்கூடிய தம்பியும் தங்கையும் ஒன்றும் அறியாமலே தம் காலத்தை இழக்கின்றனர். படியெடுப்பிலே நேர்ந்த பிழைக்கு யார்மீதும் பழியில்லை. அதனைத் தெரிந்தும் மறைப்பதே குற்றம்.

ஆகவே மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் ஊர் சென்றதும் பாட்டியாரின் அருகே அமருங்கள். சுற்றத்தாருள் யார் யார், எந்த வயதில், எந்நோயால் இறந்தனர் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஐம்பது வயதிற்குள் குடலிலோ கருப்பையிலோ புற்றுக் கண்டவர் ஒருவரேனும் இருப்பின், அத்தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். தையற்காரப் பெண்ணொருத்தியின் வாய்ச்சொல்லே ஒரு பெரிய உண்மைக்கு வித்தாயிற்று. உங்கள் பாட்டியாரின் சொல்லும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.