எலும்பு எண்ணெயும் இரண்டு மருந்துகளும்

நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள் சிலவற்றை நினைத்துப் பாருங்கள். கிள்ளானை அடுத்து ஹைலண்ட்ஸ் தோட்டம் என்கிறோம். ஷா ஆலம் பக்கம் கிளன்மேரி என்கிறோம். பூச்சோங் போகும் வழியில் கின்ராரா என்கிறோம். ஹைலண்ட்ஸ் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாடு. ‘கிளன்’ என்றால் அந்நாட்டு வழக்கில் பள்ளத்தாக்கு. கின்ராராவும் அங்கே உள்ள ஓர் இடத்தின் பெயர்தான். அந்நாட்டுத் துரைமார்கள் ரப்பர்க் கன்றோடு தங்கள் ஊர்ப்பெயர்களையும் இங்கே நட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால், அவர்கள் நாட்டில் பிறந்த ஓர் ஆராய்ச்சியின் வாரிசுகளும் நம் லயங்களுக்கு வந்து சேர்ந்தன. அவ்வாராய்ச்சியைச் செய்தவரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர் பெயர் தாமஸ் ஆண்டர்சன். தொழிலால் விவசாய இரசாயனர்.

எடின்பரோ நகரின் துறைமுகமாகிய லீத்தில் 1819-ஆம் ஆண்டு பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1841-இல் பட்டம் பெற்றார். எனினும் அவர் மனம் நோயாளியின் கட்டிலைவிடக் கண்ணாடிக் குடுவையையே நாடியது. சுவீடனில் பெர்சீலியஸ், ஜெர்மனியில் லீபிக் என்று அக்காலத்து இரசாயன மேதைகள் இருவரிடம் பாடம் கேட்டார். பயிருக்கு மண்ணிலிருந்து என்னென்ன உப்புகள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் இந்த லீபிக்தான்.

1848-இல் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் விவசாயச் சங்கம் ஆண்டர்சனைத் தன் இரசாயனராக அமர்த்தியது. அக்காலத்தில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து குவானோ எனும் பறவை எச்ச உரம் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. எலும்புத்தூளும் நல்ல விலைக்குப் போயிற்று. நல்ல விலை போகும் சரக்கில் கலப்படம் வராமல் இருக்குமா? மணலும் மண்ணும் கலந்து விற்றார்கள். மூட்டையைத் திறந்து பார்க்கும் உழவனுக்கு எது உரம், எது மண் என்று தெரியாது. சங்கத்தின் உறுப்பினர்கள் அனுப்பிய உரத்தையும் மண்ணையும் மாட்டுத் தீவனத்தையும் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதே ஆண்டர்சனின் வேலை. பெருமை குறைந்த வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மூட்டைக்குள் இருப்பதை வாங்குகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட விஞ்ஞானத்துக்கு உயர்ந்த வேலை எது?

1852-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியரானார். 1860-இல் விவசாய இரசாயனத்தின் மூலக் கூறுகளைப் பற்றி ஒரு பாடநூல் வெளியிட்டார்.

இனி எலும்பு எண்ணெய்க்கு வருவோம். சர்க்கரை ஆலைகளில் பாகை வெளுக்கச் செய்ய எலும்புக்கரி தேவைப்பட்டது. அதற்காக எலும்புகளை மூடிய கலத்தில் இட்டுச் சுடுவார்கள். அப்போது கறுத்த எண்ணெய் ஒன்று வடியும். அதன் நாற்றம் பொறுக்க முடியாதது. மற்றவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய அந்த எண்ணெயை ஆண்டர்சன் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார். ஒவ்வொரு வெப்ப நிலையிலும் ஆவியாவதைத் தனித்தனியே பிடித்தார். நம் ஊரில் சாராயம் காய்ச்சியவர்களுக்கு இந்த முறை புரியும்! இப்படிப் பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்றுக்கு, நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரிடீன் என்று பெயரிட்டார். அதன் நெருங்கிய உறவான பிகோலினை அதற்கு முன்பே, 1846-இல், நிலக்கரித் தாரில் கண்டுபிடித்திருந்தார்.

பிரிடீனின் உருவம் எப்படிப்பட்டது? ஆறு பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு பேரும் கரியணுக்கள் என்றால் அது பென்சீன். ஒரு பிள்ளையை விலக்கி, அந்த இடத்தில் நைட்ரஜன் என்ற வேறு வீட்டுப் பிள்ளையை நிறுத்தினால் அது பிரிடீன். இந்த வளைய வடிவம் தெளிவானது 1860-களின் இறுதியில்தான். ஆண்டர்சன் அதைப் பிரித்தபோது அதன் உருவமும் தெரியாது, பயனும் தெரியாது.

இடையில் வேறொரு நிகழ்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். கிளாஸ்கோவில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர் ஜோசப் லிஸ்டர். வெட்டிய புண்கள் சீழ்பிடித்து நோயாளிகள் மாண்டுபோவதைக் கண்டு அவர் கலங்கியிருந்தார். அழுகலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே என்று பிரான்சில் பாஸ்டர் எழுதிய கட்டுரைகளைப் பற்றி அவருக்குச் சொன்னவர் ஆண்டர்சன்தான். கார்பாலிக் அமிலத்தைக் கொடுத்து உதவியவரும் அவரே. 1865 ஆகஸ்டில், வண்டி ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணில் லிஸ்டர் அதை வைத்துக் கட்டினார். கால் பிழைத்தது. அறுவைச் சிகிச்சையின் வரலாறே அங்கு திரும்பியது. லிஸ்டரின் பெயரை உலகம் அறியும்; பக்கத்து அறைக்காரரின் பெயரை மறந்துவிட்டது. 1872-இல் ஆண்டர்சனுக்கு அரச பதக்கம் கிடைத்தது. அதற்குள் உடல் நலிந்துவிட்டது. 1874-இல் காலமானார்.

அவர் மறைந்த பிறகு பிரிடீன் வளையத்திலிருந்து எத்தனையோ பொருள்களைச் செய்தார்கள். அவற்றுள் இரண்டுக்கு நம் மக்களின் வாழ்க்கையில் இடம் உண்டு.

முதலாவது ஐசோனியசிட் என்ற மாத்திரை. 1912-இல் பிராக் நகரில் இருவர் இதைச் செய்து பார்த்தார்கள். எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் அது நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1952-இல்தான் அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று உலகறிந்தது. காசநோய் என்றால் ஒரு காலத்தில் தோட்டத்தில் வாசற்கதவைச் சாத்துவார்கள். நோயாளியை ஆண்டுக்கணக்கில் குடும்பத்திலிருந்து பிரித்து மருத்துவமனையில் வைப்பார்கள். இதை மாற்றிய ஆராய்ச்சி நடந்தது நம் சென்னையில். 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரை மருத்துவமனையில் சேர்த்தும், மறுபாதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும், ஐசோனியசிட்டுடன் இன்னொரு மருந்தையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. மலேசியாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. காசநோய்ச் சிகிச்சையில் ஐசோனியசிட் இன்றும் முன்வரிசை மருந்து.

இரண்டாவது வாரிசு பாராகுவாட். இரண்டு பிரிடீன் வளையங்களை முதுகோடு முதுகு சேர்த்தது போன்ற பொருள். 1882-இல் வியன்னாவில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் கோக் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். இதுவும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பயனின்றிக் கிடந்தது. 1955-இல் இங்கிலாந்தில் அது களையைக் கொல்லும் என்று கண்டார்கள். 1962-இல் விற்பனைக்கு வந்தது.

பச்சை இலையில் பட்டதும் வெயிலின் சக்தியையே அந்தச் செடிக்கு எதிராகத் திருப்பிவிடும். இலை உணவு செய்யும் இடத்தில் புகுந்து, அங்கே ஓடும் மின்னணுக்களைப் பிடித்துப் பிராணவாயுவிடம் தள்ளிவிடும். அதனால் நச்சுத்தன்மையுள்ள பிராணவாயு உண்டாகி உயிரணுவின் சவ்வுகளை அரிக்கும். காலையில் அடித்தால் மாலைக்குள் புல் வாடத் தொடங்கும். பழுப்பு நிற மரப்பட்டையை அது ஒன்றும் செய்யாது. களிமண்ணில் விழுந்தால் இறுகப் பற்றிக்கொண்டு செயலற்றுவிடும். ரப்பருக்கும் செம்பனைக்கும் இதைவிட வசதியானது உண்டா என்று தோட்ட நிர்வாகங்கள் மகிழ்ந்தன. அதற்கு முன் லாலான் புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட் எனும் பாஷாண உப்பு. அதோடு ஒப்பிட்டால் இது மேல் என்று அவர்கள் சொன்னதில் நியாயமும் இல்லாமல் இல்லை.

ஆனால் செடியில் செய்யும் வேலையை அது மனித நுரையீரலிலும் செய்யும். நுரையீரல் அதைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு தழும்பேறி மூச்சு முட்டும். உட்கொண்டவரைக் காப்பாற்ற முறிமருந்து இன்றுவரை இல்லை. நல்ல தோலின் வழியே அதிகம் புகாது. கீறலும் வெடிப்பும் உள்ள தோலின் வழியே புகும். முதுகில் பம்பைச் சுமந்து முள்ளிலும் வெயிலிலும் நடக்கும் பெண்ணின் கை கால்களில் கீறல் இல்லாத இடம் எது? அவர்களுக்கு நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் இரத்தம் வடிவதும், கண் எரிச்சலும் உண்டாயின. தெனாகனித்தா அமைப்பு, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாள் தடை நடைமுறைக்கு வந்தது.

இங்கே நம் சொல் ஒன்றைக் கவனியுங்கள். காசநோய் மாத்திரைக்கும் மருந்து என்கிறோம். களைக்கொல்லிக்கும் மருந்து என்கிறோம். “அம்மா மருந்து அடிக்கப் போயிருக்கிறார்” என்று வகுப்பில் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலாய் மொழி இவ்விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே ‘ராச்சுன்’, அதாவது விஷம், என்ற சொல் இருக்கிறது. மருந்து என்று சொல்லிப் பழகிய வீட்டில்தான் மிச்சத்தைப் பானப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைப்பார்கள். அறியாத குழந்தை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும்?

பாராகுவாட் போய்விட்டது, களை போகவில்லை. இப்போது கிளைபோசேட், குளூபோசினேட் என்ற வேறு களைக்கொல்லிகள் பம்பில் ஏறியிருக்கின்றன. இவை பிரிடீன் குடும்பமல்ல. ஆயினும் டின்னின் மேல் ஒட்டிய காகிதத்தில், உள்ளே என்ன பொருள், எத்தனை பங்கு, மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். ஹைலண்ட் சங்கத்து உழவர்கள் உர மூட்டையைப் பற்றி ஆண்டர்சனிடம் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். வீட்டில் மருந்தடிக்கப் போகிறவர் இருந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு அந்தக் காகிதத்தை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.