வானத்தில் இருந்து விழுந்த ஹார்டு டிஸ்க்: கருகிய தகட்டில் தகவல் பிழைத்தது எப்படி?

2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி.

அமெரிக்காவின் "கொலம்பியா" விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பிக் கொண்டு இருந்தது. அதில் 7 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா.

தரை இறங்க இன்னும் 16 நிமிடம்தான் பாக்கி. புளோரிடாவில் குடும்பத்தார் வழிமேல் விழி வைத்துக் காத்து இருந்தார்கள்.

ஆனால் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே, 60 கிலோ மீட்டர் உயரத்தில், ஓடம் உடைந்து சிதறியது. 7 பேரும் மாண்டார்கள்.

ஓடம் புறப்பட்ட நாளிலேயே விபத்துக்கு விதை விழுந்து விட்டது. எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையைத் தாக்கி ஓட்டை போட்டது. திரும்பும்போது அந்த ஓட்டை வழியாக அனல் காற்று புகுந்து இறக்கையை உருக்கி விட்டது.

உடைந்த துண்டுகள் வயல்களிலும் காடுகளிலும் விழுந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் தேடினார்கள். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன.

விபத்து நடந்து சுமார் 6 மாதம் ஆயிற்று. வறண்ட ஏரி ஒன்றின் படுகையில் கருகிய உலோகக் கட்டி ஒன்று அகப்பட்டது.

அது ஒரு ஹார்டு டிஸ்க்!

உள்ளே இருந்தது என்ன?

ஹார்டு டிஸ்க் என்பது கம்ப்யூட்டரின் கணக்குப் பிள்ளை. எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கொள்ளும் பெட்டி அது.

கொலம்பியாவில் இருந்த அந்தப் பெட்டியில் ஒரு விஞ்ஞான சோதனையின் முடிவுகள் இருந்தன. "செனான்" என்ற வாயுவைப் பற்றிய சோதனை அது.

பெயிண்டைப் பாருங்கள். டப்பாவில் கெட்டியாக இருக்கிறது. பிரஷ்ஷால் இழுத்தால் இளகி ஓடுகிறது. செனான் போன்ற எளிய பொருளும் ஒரு குறிப்பிட்ட நிலையில் இப்படி இளகுமா? இதுதான் கேள்வி. பூமியில், வாயுவின் சொந்தக் கனமே சோதனையைக் கெடுத்து விடும். ஆகவே கனம் தெரியாத விண்வெளியில் சோதனையை நடத்தினார்கள்.

முடிவுகளில் ஒரு பகுதி ரேடியோ மூலம் முன்பே பூமிக்கு வந்து விட்டது. மீதி, அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

தகடு பேசியது!

மின்னசோட்டா மாநிலத்தில் "ஆன்டிராக்" என்று ஒரு கம்பெனி. தொலைந்த தகவலை மீட்பதே அதன் தொழில். கருகிய கட்டி அங்கே போய்ச் சேர்ந்தது.

பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் உருகி இருந்தது. சில்லுகள் எரிந்து போய் இருந்தன. தூசியைத் தடுக்கும் மூடியும் போய், உள்ளே மண் புகுந்து தகட்டைக் கீறி இருந்தது.

என்ஜினீயர்கள் மனம் தளரவில்லை. தகடுகளைக் கழற்றி எடுத்தார்கள். ரசாயனக் கலவையால் சுத்தம் செய்தார்கள். வேறு ஒரு புதிய பெட்டியில் பொருத்திச் சுழல விட்டார்கள்.

அதில் இருந்த தகவலில் 100-க்கு 99 பங்கு திரும்பக் கிடைத்தது!

காரணம் என்ன? தகட்டில் கீறல் விழுந்த இடங்களில் எதுவும் எழுதப்படவில்லை. அந்த டிஸ்க் பாதிதான் நிரம்பி இருந்தது. அதில் இருந்த "டாஸ்" என்ற பழைய முறை, தகவலைச் சிதறடிக்காமல் ஒரே பக்கமாக எழுதி வைத்து இருந்தது. தகவல் இருந்த இடம் தப்பியது.

2008-ம் ஆண்டு "பிசிக்கல் ரிவியூ ஈ" என்ற விஞ்ஞான இதழில் அந்தச் சோதனையின் முடிவு வெளியாயிற்று. செனானும் இளகத்தான் செய்கிறது! மாண்டு போன வீரர்களின் உழைப்பு வீண் போகவில்லை.

ஓடத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளும் அதே கம்பெனிக்கு வந்தன. அவற்றில் இருந்து எதையும் மீட்க முடியவில்லை.

நமக்கு என்ன சம்பந்தம்?

"அது விண்வெளி விவகாரம். நமக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா?

இன்று பல வீடுகளில், அலமாரியில் துணிக்கு அடியில், கையகல ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதில் மகளின் கல்யாணப் படம் இருக்கும். பேரனின் முதல் நடை இருக்கும். காலமான தகப்பனாரின் குரல் இருக்கும். காசு கொடுத்தாலும் அவற்றை வேறு எங்கும் வாங்க முடியாது.

ஒருநாள் அந்தப் பெட்டி வாய் திறக்க மறுத்தால்? அந்தச் சமயத்தில் நாம் பதற்றத்தில் செய்யும் காரியம்தான் பெரும்பாலும் தகவலைக் கொல்கிறது.

பெட்டிக்குள் நடப்பது

உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகின்றன. அவற்றை ஒரு சிறு முனை படிக்கிறது. அது தகட்டைத் தொடாது. தலைமயிரின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்து செல்லும். ஒரு துளி தூசி போதும், முனை மோதி விடும்!

சரி, ஒரு படத்தை அழித்து விட்டால்?

நூல் நிலையத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தின் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்து விட்டார்கள். ஆனால் புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. அதே இடத்தில் புதிய புத்தகம் வந்தால்தான் பழையது போகும். ஹார்டு டிஸ்க்கிலும் அப்படித்தான். படத்தின் பெயர் போய் விடும், படம் இருக்கும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதினால், பிறகு எந்த நிபுணராலும் முடியாது.

உடனே செய்ய வேண்டியது

படம் அழிந்து விட்டதா? அந்த டிஸ்க்கில் ஒரு வரிகூடப் புதிதாக எழுதாதீர்கள். அழிந்ததைத் தேடித் தரும் புரோகிராம்கள் உண்டு. "போட்டோரெக்" என்பது இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் வையுங்கள், பறிகொடுத்த டிஸ்க்கில் வைக்காதீர்கள். மீண்டு வரும் படங்களையும் வேறு டிஸ்க்கில்தான் சேர்க்க வேண்டும்.

டிஸ்க் தெரியவே இல்லையா? முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். பல சமயம் கோளாறு வயரில்தான்!

"பார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

"டிக், டிக்" என்று சத்தம் வருகிறதா? உடனே நிறுத்துங்கள். முனை பழுதாகி இருக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் அது தகட்டைச் சுரண்டக்கூடும்.

தண்ணீரில் விழுந்து விட்டதா? மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

பெட்டியைத் திறக்காதீர்கள். தட்டாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். தூசி இல்லாத அறையும் தக்க கருவியும் உள்ள நிபுணரிடம் கொண்டு போங்கள். கூலி எவ்வளவு என்று முன்பே கேட்டு, ரசீது வாங்கிக் கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு விஷயம். இப்போது தகடே இல்லாத "எஸ்.எஸ்.டி." டிஸ்க்குகள் வந்து விட்டன. அவை வேகமானவை. ஆனால் பலவற்றில், அழித்ததை அந்தப் பெட்டியே சற்று நேரத்தில் துடைத்து விடும். அங்கே மீட்பது மிகவும் கடினம்.

சிறந்த மருந்து

நோய் வந்த பின் வைத்தியம் பார்ப்பதை விட, வருமுன் காப்பதே மேல். அதற்குக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் "3-2-1" என்று எளிய விதி சொல்கிறார்கள்.

எதையும் 3 பிரதி வையுங்கள். அவற்றை 2 வகைப் பொருளில் வையுங்கள். 1 பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். வீட்டில் தீயோ வெள்ளமோ திருடனோ வந்தாலும், தங்கை வீட்டுப் பெட்டியில் உங்கள் கல்யாணப் படம் பத்திரமாக இருக்கும்.

கொலம்பியாவில் இருந்து எடுத்த மூன்று டிஸ்க்குகளில், பிழைத்தது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் படங்களை அந்த அதிர்ஷ்டத்தை நம்பி விடலாமா?

அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுங்கள். இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்!