பாட்டியைப் பார்த்து ‘போ’ என்றாள்!

“என்னடி இது, பெரியவங்களைப் போய் ‘போ, போ’ன்னு சொல்றே! இதுக்கா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பி வெச்சேன்?”

வண்ணாரப்பேட்டையில் எங்கள் எதிர் வீட்டு அம்மாள் செல்போனில் போட்ட சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்டது. அவருடைய மகள் 2019-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் டாவோ நகரத்துக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவள். வீடியோவில் அவளுக்குப் பின்னால், அவள் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி காய் நறுக்கிக் கொண்டிருந்தார். பாட்டி ஏதோ கேட்க, இவள் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘போ’! பெற்றவளுக்குப் பகீரென்றது.

மகளோ விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, இங்கே ‘போ’ன்னா மரியாதைம்மா! நாம ‘சொல்லுங்க, வாங்க’ன்னு ‘ங்க’ போடறோமே, அந்த மாதிரி. ‘ஸலாமத்’னா நன்றி. ‘ஸலாமத் போ’ன்னா நன்றிங்க. ‘போ’ போடாம பேசினாத்தான் இந்தப் பாட்டிக்குக் கோபம் வரும்!”

அன்றிலிருந்து எங்கள் தெருவில் கொஞ்ச நாள் ‘போ’தான் பேச்சு. காய்கறிக்காரரிடம் கூட, “தக்காளி என்ன விலை போ?” என்று ஒருத்தி கேட்டாள் என்றால் பாருங்களேன்!

சிரிப்பு இருக்கட்டும். வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பிய படிப்பு அது. டாக்டர் பாடம் அங்கே முழுக்க இங்கிலீஷில்தான். “அப்புறம் எதுக்கு அந்த ஊர் பாஷையெல்லாம்? அந்த நேரத்துல பாடத்தைப் படிக்கக் கூடாதா?” என்று அவள் அம்மா என்னிடம் பலமுறை அங்கலாய்த்ததுண்டு. எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது. பாடப் புத்தகம் இங்கிலீஷ் பேசும். வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவர் இங்கிலீஷ் பேசுவாரா என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

7,600-க்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள். மணிலா பக்கத்தில் பேசும் தகாலோக் மொழியை அடிப்படையாக வைத்துத் தேசிய மொழி அமைப்பது என்று 1937-ல் அறிவித்தார் அன்றைய ஜனாதிபதி மனுவேல் கேஸோன். 1987 அரசியல் சட்டத்தில் அதற்குப் ‘பிலிப்பினோ’ என்று பெயர். அங்குள்ள பல்கலைக் கழகங்களில் மட்டுமல்ல, ஹவாய் பல்கலைக் கழகத்திலும் அதை முதல் படி, இரண்டாம் படி என்று வரிசையாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் பெண்ணுக்கு டாக்டர் படிப்புக்கு முந்தைய பி.எஸ். பட்டத்தில் அது ஒரு பாடமாக வந்தது.

முதல் படி சுலபமாம். வணக்கம், விலை என்ன, பஸ் எங்கே நிற்கும் என்பதோடு சரி. இரண்டாம் படியில்தான் ‘தண்ணி காட்டியது’ என்கிறாள். ஒரே வேர்ச்சொல்லை முன்னும் நடுவும் பின்னும் ஒட்டுப் போட்டு வளைப்பார்கள். ‘காயின்’ என்றால் சாப்பாடு, சாப்பிடு. ‘குமாயின்’ சாப்பிட்டாச்சு, ‘குமகாயின்’ சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார், ‘ககாயின்’ சாப்பிடப் போகிறார். அம்மா மீன் வாங்கினாள் என்பதிலேயே, அம்மாவை முன் நிறுத்தினால் ‘புமிலி’, மீனை முன் நிறுத்தினால் ‘பினிலி’, யாருக்காக வாங்கினாளோ அவரை முன் நிறுத்தினால் ‘இபினிலி’. தலை சுற்றவில்லை? கொரோனா சமயத்தில் இங்கே வந்துவிட்டவள், மொட்டை மாடியில் காயப் போட்ட துணிகளுக்கு நடுவே போனைப் பிடித்துக் கொண்டு இதைத்தான் உருப் போட்டாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யோகம். நாம் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரித்துச் சொல்கிறோமே, அது இங்கிலீஷிலும் இல்லை, ஹிந்தியிலும் இல்லை. பிலிப்பினோவில் இருக்கிறது! ‘தாயோ’ என்றால் நாம். ‘கமி’ என்றால் நாங்கள். வகுப்பில் மற்ற மாணவர்கள் திணறியபோது இவள் ஒரே நாளில் பிடித்துக் கொண்டாள். வீட்டுக்காரப் பாட்டி “காயின் தாயோ” என்றால் ‘வா, நாம் சாப்பிடலாம்’. உங்களையும் சேர்த்துத்தான்! யாராவது வீட்டுக்கு வந்தால், “குமாயின் க ந பா?” என்று கேட்பார்களாம். ‘சாப்பிட்டாச்சா?’தான், வேறென்ன!

சொற்களிலும் உறவு உண்டு. ஆசிரியர் ‘குரோ’, முகம் ‘முகா’, நம்பிக்கை ‘ஆஸா’, நம் ஆசை. ‘துக்கா’ என்றால் அங்கே ஏழை. எவ்வளவு பொருத்தம்! மாம்பழம் ‘மங்கா’, நம் மாங்காய் மலாய் மொழி வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆவியில் வேகும் அரிசிப் பலகாரம் ‘பூத்தோ’, புட்டுதான். முருங்கைக்கு ‘மலுங்காய்’ என்று பெயர்.

முருங்கை என்றதும் பிள்ளை பெற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அங்கேயும் பால் ஊறுவதற்குக் கைப்பிள்ளைக்காரிக்கு முருங்கைக் கீரைதான் கொடுக்கிறார்கள். ‘தினோலா’ என்று ஒரு குழம்பு. இஞ்சி, பூண்டு, வெங்காயம் வதக்கி, கோழித் துண்டுகளைப் போட்டுப் புரட்டி, நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்து, பப்பாளிக் காய்த் துண்டுகளைச் சேர்த்து, காய் வெந்ததும் ஒரு கை முருங்கைக் கீரையைப் போட்டு உடனே இறக்கி விடவேண்டும். மிளகாய், மசாலா கிடையாது. அவர்கள் மீனில் எடுத்த உப்புச் சாறு விடுவார்கள். நமக்கு உப்பே போதும். எங்கள் வீட்டில் செய்து பார்த்தேன். கொஞ்சம் மிளகுத் தூள் தூவினால் நம் நாக்குக்கும் சரியாக இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். மணிலாவுக்குப் போன முதல் சொத்து எங்கள் பேட்டையிலிருந்து இந்தப் பெண் அல்ல! கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணிகளைக் கப்பலேற்றுமுன் வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் இது வண்ணாரப்பேட்டை. மதராஸ் துணி 17-ஆம் நூற்றாண்டிலேயே மணிலாவுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் மெக்ஸிகோ வரைக்கும் துணி வியாபாரம் நடந்தது. மணிலா வியாபாரத்தில் செல்வம் சேர்த்த அர்மீனியர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் கட்டிய பாலம்தான் பழைய மர்மலாங் பாலம். இப்போது அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. 1762-ல் மதராஸிலிருந்து போன இங்கிலீஷ் படை மணிலாவைப் பிடித்து, 1764-ல் திருப்பிக் கொடுத்தது. அதில் போன நம் சிப்பாய்கள் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவை அடுத்த காயின்டா என்ற ஊரில் குடியேறி, அந்த ஊர்ப் பெண்களைக் கல்யாணம் செய்து கொண்டார்கள். ‘கரே-கரே’ என்று அங்கே பிரபலமான வேர்க்கடலைக் குழம்பு, அவர்கள் வைத்த கறியிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இவ்வளவு படித்தும் டாவோ ஆஸ்பத்திரி வார்டில் முதல் நாளே சறுக்கல். காரணம், டாவோவில் ஜனங்கள் வீட்டில் பேசுவது ‘பிஸாயா’ என்ற வேறு மொழி. ஒரு நோயாளியின் தட்டில் எறும்பு ஊர்வதைப் பார்த்து, “லங்காம், லங்காம்!” என்றாளாம் இவள். பிலிப்பினோவில் லங்காம் என்றால் எறும்பு. அந்த மனிதரோ அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். பிஸாயாவில் லங்காம் என்றால் பறவை! அதன் பிறகு சின்ன நோட்டு ஒன்று வைத்துக் கொண்டு, ஒரு பக்கம் பிலிப்பினோ, ஒரு பக்கம் பிஸாயா, நடுவில் தமிழ் என்று எழுதிக் கொண்டாள். ‘ஸாகித்’ என்றால் நோய்; ‘மஸகித்’ என்றால் வலிக்கிறது. “ஸான் போ மஸகித்?” ‘எங்கேங்க வலிக்குது?’

ஆனால் கேள்வி தெரிந்தால் போதுமா? “வாலா” என்று பதில் வரும். ‘ஒண்ணுமில்லே.’ நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற அதே ஒண்ணுமில்லே! அவர்களிடம் ‘ஹியா’ என்று ஒரு குணம் உண்டு. வெட்கம், கூச்சம், பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்ற எண்ணம் எல்லாம் கலந்தது. டாக்டர் முன்னால் வாயைத் திறக்க விடாது. இதையும் கலாசாரப் பாடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அதன் அருமை தெரிந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வந்தபோது.

வீடு வீடாகப் போய் இஸ்திரி போடுகிறவள். இருமல் என்று வந்திருந்தாள். வேறு ஏதாவது உண்டா என்று இங்கிலீஷில் கேட்டதற்கு ‘வாலா’தான் பதில். இவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ‘நானாய்’ (அம்மா) என்று கூப்பிட்டு, எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பிறகு மெதுவாக, “பாஸ்மா இருக்கா?” என்றாள்.

பாஸ்மா என்பது எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லாத வியாதி. சூடாக இருக்கிற கையை உடனே குளிர்ந்த தண்ணீரில் நனைத்தால் கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும் என்று அங்கே நம்புகிறார்கள். இஸ்திரி போட்ட கையோடு பாத்திரம் தேய்க்க மாட்டார்கள். இவளுக்கு இதைச் சொல்லித் தர ஆள் வேண்டியிருக்கவில்லை. இவள் பாட்டி வண்ணாரப்பேட்டையில் கரிப் பெட்டி போட்டே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். “பெட்டி போட்ட கையை தண்ணியில வெக்காதேடி, நரம்பு இழுத்துக்கும்” என்று அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்தவள்!

கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண்மணி மடை திறந்தாற்போல் கொட்டினாள். கை நடுங்குகிறது, உள்ளங்கை எந்நேரமும் ஈரம், நெஞ்சு படபடக்கிறது, பாவாடை இடுப்பில் நிற்காத அளவு இளைத்து விட்டேன்... ‘பாஸ்மாவுக்கு டாக்டர் என்ன செய்வார்’ என்று சொல்லவில்லையாம். பெரிய டாக்டரிடம் இவள் போய்ச் சொல்ல, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு அளவுக்கு மேல் சுரந்து கொண்டிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வந்தால் சூடு, குளிர்ச்சி என்று சும்மா இருந்துவிட வேண்டாம். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்து விடுங்கள். அதேபோல், குழந்தைக்குக் கண் பட்டால் அங்கே ‘ஊஸோக்’ என்பார்கள். கண் போட்டதாக நினைக்கும் ஆளையே கூப்பிட்டுக் குழந்தையின் வயிற்றில் எச்சில் தொட்டு வைக்கச் சொல்வார்கள். நாம் மிளகாய் சுற்றுகிறோம். அதுவாவது குழந்தை மேல் படாது! எச்சில் விவகாரம் பச்சைக் குழந்தைக்கு நல்லதல்ல என்று இவள் அந்த ஊர்த் தாய்மார்களிடம் ‘போ’ போட்டுச் சொன்னால் கேட்டுக் கொள்வார்களாம்.

பிள்ளையை அங்கே அனுப்ப நினைக்கும் தாய்மார்கள் ஒரு விஷயத்தை முதலில் பாருங்கள். நவம்பர் 2021-ல் நம் நாட்டு தேசிய மருத்துவ ஆணையம் விதியை மாற்றியது. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே இடத்தில் 12 மாதப் பயிற்சி வேண்டும், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்து கொள்ளத் தகுதி இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் பொதுவாக பி.எஸ். பட்டம் முடித்துப் பிறகு 4 வருட எம்.டி. என்பதால் இந்தக் கணக்கு இடித்தது. இந்தப் பெண் முன்பே சேர்ந்ததால் தப்பினாள். ஏஜென்ட் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆணையத்தின் விதியை நீங்களே படித்து, சந்தேகத்தை எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். மற்றபடி எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், ஊறுகாய் பாட்டிலோடு அந்த ஊர் மொழிப் புத்தகம் ஒன்றையும் பெட்டியில் வையுங்கள்.

போன வருஷம் படிப்பு முடித்து வந்து இறங்கினாள். வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும் நேரே பாட்டியிடம் போய், அவர் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக் கொண்டாள். ‘மானோ’ என்று அந்த ஊரில் பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அது.

“என்னடி, ஜுரம் அடிக்குதான்னு பாக்கச் சொல்றியா?” என்றார் பாட்டி.

அவள் கையை விடவில்லை. நெற்றியில் அந்தக் கை லேசாக நடுங்கிக் கொண்டிருந்தது. “எத்தினி நாளா பாட்டி இப்படி?”

“அட, போ! பெட்டி போட்ட கை. எனக்கு ஒண்ணுமில்லே, போ!”

மறுநாள் காலை ஆறரை மணிக்கெல்லாம், காபி கூடக் கொடுக்காமல் பாட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு இரத்தப் பரிசோதனைக்குப் புறப்பட்டு விட்டாள்.